பிரிட்ஜில் நம் சரக்கு எங்கே?

2017ம் ஆண்டு மார்ச் 1ம் தேதியை நம் உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும் பேரவையும் அன்று முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. பல கடைகளில் சரக்கைத் திருப்பி அனுப்பினோம். வாசலில் போர்டு எழுதி வைத்தோம். நானும் வைத்தேன். இன்று அதே புட்டிகள் நம் கடைகளில் பழையபடி நிற்கின்றன.

யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. எடுத்த புட்டிக்குப் பதிலாக அந்த இடத்தில் எதை வைப்பது என்று அன்று நாம் சரியாக யோசிக்கவில்லை என்பதே என் வருத்தம். 1916ல் விருதுநகரில் பிறந்த காளிமார்க் போன்ற நம் ஊர்க் கம்பெனிகளின் சரக்கு கைகொடுத்தது உண்மைதான். ஆனால் அதுவும் வாங்கி வைத்து விற்கும் புட்டிதான். கம்பெனி போட்டுக் கொடுத்த விலையில், கம்பெனி விட்டுக் கொடுத்த லாபம்தான் நமக்கு. சித்திரை வெயிலில் தாகத்தோடு வாசலில் வந்து நிற்கிறவருக்கு நம் கையால் கலந்து கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

தேங்காய் நம் கடையில் இருக்கிறது. சீனி இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது. பழம் எதிர்க்கடையில். சோடா போடுகிறவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது உண்டு. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நிறமும் எசன்சும் கலந்த சீனித் தண்ணீரை ஏஜென்சிக்காரரிடம் முன்பணம் கொடுத்து வாங்கி அடுக்குகிறோம். மளிகைக் கடைக்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் கோடை மூன்று மாதமாவது மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோடா ஒன்றைத் தாங்களே கலந்து டம்ளர் கணக்கில் விற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "விற்பதுதான் நம் தொழில், செய்வது இல்லை" என்று சில அண்ணாச்சிமார் சொல்வார்கள். சர்பத் கடையையும் நன்னாரிப் பாட்டிலையும் நடத்தியவர்கள் நம் அப்பாக்கள்தானே. அவர்கள் எந்தக் கம்பெனியைக் கேட்டுக் கலந்தார்கள்?

க்ரீம் சோடா என்று புட்டியில் வருகிறதே, அதில் க்ரீம் கிடையாது. வெனிலா வாசனைதான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டார்கள். உண்மையிலேயே பாலேடு போல நாக்கில் வழுக்கும் சோடா வேண்டுமானால் தேங்காய்ப்பால் போதும்.

கடையில் வைப்பதற்கு முன் பத்து நாள் வீட்டில் செய்து பார்க்க வேண்டும். நான் செய்யும் அளவைச் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த மாம்பழம் ஒரு கிலோ. தோலும் கொட்டையும் போக ஏறத்தாழ 600 கிராம் சதை நிற்கும். பங்கனப்பள்ளி நார் இல்லாமல் வரும். செந்தூரம் என்றால் வடிகட்டியே ஆக வேண்டும். 200 கிராம் சீனியை 200 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு ஆற வைக்க வேண்டும். சீனியை அப்படியே போட்டால் சோடா பட்டதும் நுரை பொங்கி டம்ளருக்கு வெளியே ஓடும், காஸும் அதோடு போய்விடும். ஒரு தேங்காயைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால் 150 மில்லி அளவுக்குக் கிடைக்கும். இரண்டாம் பால் இதற்கு ஆகாது, அது வீட்டுக் குழம்புக்குப் போகட்டும். முதல் பாலைக் கொதிக்க வைக்கவும் கூடாது, திரிந்துவிடும். மூன்றையும் கலந்து, ஏலப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு அரைச் சிட்டிகை சேர்த்து பிரிட்ஜில் குளிர வைத்தால் பத்து டம்ளருக்கு அடிச்சரக்கு தயார்.

வாடிக்கையாளர் வந்து கேட்ட பிறகுதான் சோடாவை உடைக்க வேண்டும். டம்ளரில் அடிச்சரக்கை ஏறத்தாழ நூறு மில்லி ஊற்றி, அதன்மேல் ஜில்லென்ற சோடாவை 150 மில்லி, டம்ளரைச் சாய்த்து ஓரமாக மெதுவாக விட வேண்டும். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு கிண்டு, அவ்வளவுதான். மிக்ஸியில் சோடாவை விட்டு அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காஸ் முழுவதும் அதிலேயே போய்விடும். சோடா குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த தண்ணீர்தான் காஸைப் பிடித்து வைக்கும். வெயிலில் கிடந்த கிரேட்டிலிருந்து எடுத்து ஐஸ் போட்டுச் சரிக்கட்டினால் சப்பென்றுதான் இருக்கும்.

காஸையும் வீட்டிலேயே உண்டாக்கிவிடலாம் என்று சமையல் சோடாவையும் எலுமிச்சை உப்பையும் கலக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பொங்கும்தான். ஆனால் உப்புக் கரித்து, பழத்தின் ருசியைக் கெடுக்கும். அதைப் புட்டியில் அடைத்து மூடி வைத்தால் புட்டி வெடிக்கவும் செய்யும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வேண்டாத விளையாட்டு. சோடாவை சோடாக்காரரிடமே வாங்குவோம், அவரும் நம் வியாபாரிதான்.

மாம்பழம் இல்லாத நாளில் அன்னாசி. இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். தேங்காய்ப்பால் அரைக்கச் சோம்பல்பட்டு, காய்ச்சி ஆறிய பசும்பாலில் பச்சை அன்னாசியை அரைத்து ஊற்றினேன். கால் மணி நேரத்தில் பால் திரிந்து, வாயில் வைத்தால் கசப்பு. வீட்டில் எல்லோருக்கும் டம்ளர் கொடுத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். என் மதினி ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அன்னாசியில் பாலின் புரதத்தை அறுக்கும் ஒரு பொருள் இருக்கிறது, அதனால் வருகிற கசப்பு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சூடு பட்டால் அது செத்துவிடும். ஆகவே அன்னாசித் துண்டுகளைச் சீனிப்பாகில் ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகே அரைக்க வேண்டும். அதன் புளிப்பிலும் பால் திரியும் என்பதால், பாலை மறந்துவிட்டு தேங்காய்ப்பாலையே சேர்ப்பது உத்தமம்.

இப்போது பிரிட்ஜ் சமாசாரம். இனாமாக வந்த பிரிட்ஜ் என்று சந்தோஷப்படுகிறோம். என் கடையில் அப்படி ஒன்று நின்றது. மேல்தட்டில் தயிர் பாக்கெட் வைத்திருந்ததைப் பார்த்து, எங்கள் சரக்கைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது என்று கம்பெனிப் பிரதிநிதி கண்டித்துவிட்டுப் போனார். கரண்டு பில் நான் கட்டுகிறேன், நிற்கிற இடத்துக்கு வாடகை நான் கொடுக்கிறேன், என் தயிருக்கு அதில் இடமில்லை! அந்த வாரமே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டேன். எல்லோரும் இப்படிச் செய்ய முடியாது என்பது தெரியும். அடிச்சரக்குப் பாத்திரம் ஒன்று வைக்க, வீட்டுப் பிரிட்ஜில் ஒரு தட்டு போதும்.

வரியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யில் சீனி சேர்த்த காஸ் பானங்களுக்கு 40 சதவீதம். பழச்சாறு கலந்த காஸ் பானத்துக்கும் அதே 40. காஸ் இல்லாத பழ பானத்துக்கு 5. சீனியோ வாசனையோ சேராத வெறும் சோடாவுக்கும் 5. அதாவது உள்ளூரில் நான்கு பேரை வைத்து பன்னீர் சோடா புட்டியில் அடைக்கிறவரும், உலகம் முழுவதும் விற்கும் கம்பெனியும் ஒரே 40ல் நிற்கிறார்கள். போதாக்குறைக்கு, காஸ் பானம் தயாரிக்கிறவர்கள் 2019 அக்டோபர் முதல் காம்போசிஷன் திட்டத்திலும் சேர முடியாது. இந்த நிலையில் நமக்கு வழி, 5 சதவீத வெறும் சோடாவை வாங்கி, வாடிக்கையாளர் முன்னால் டம்ளரில் கலப்பதுதான் என்று தோன்றுகிறது. அவரவர் வியாபார அளவுக்கு அதை எந்தக் கணக்கில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு சோடா தயாரிப்பாளர்களுக்குத் தனி விகிதம் வேண்டுமென்று நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்பதையும் இதன் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சுத்தம் விஷயத்தில் மட்டும் சலுகை கிடையாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு சிறு கடைக்கும் உண்டு. இல்லாதவர்கள் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தேங்காய்ப்பால் வெளியில் மூன்று மணி நேரம் நின்றால் புளிக்கத் தொடங்கும். காலையில் கலந்ததை ராத்திரி மீந்தால் கொட்டிவிட வேண்டும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக்கூடாது. அதனால் முதல் வாரம் பத்து டம்ளருக்கு மேல் கலக்க வேண்டாம். ஐஸ் போட்டால் குடிக்கிற தண்ணீரில் உறைந்த ஐஸ்தான், மீன் கடைக்கு வருகிற கட்டி ஐஸ் அல்ல. நிறப்பொடி கூடவே கூடாது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாய்க்கு மாநிலம் முழுவதும் தடை வந்ததைப் பார்த்தோம். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் டம்ளரும் 2019 ஜனவரி முதலே தடையில் இருக்கின்றன. கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன் வாங்கி, வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கழுவுவதை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

2025 சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாம்பழத்துக்கு விலை விழுந்து விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். கூழ்த் தொழிற்சாலைகளைப் பெரிதும் நம்பியிருக்கும் பழம் அது. அவர்களுடைய விளைச்சலை நம் டம்ளர்கள் தூக்கி நிறுத்திவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு டவுனில் ஐம்பது கடைகள் தினம் இரண்டு கிலோ வாங்கினால், நாளுக்கு நூறு கிலோ மண்டியில் நகரும். பெங்களூராவில் புளிப்பு சற்றுத் தூக்கல் என்பதால் சீனி 200க்குப் பதில் 250 கிராம் போட வேண்டியிருக்கும். ஆடி பிறந்து நீலம் வரத்து குறைகிற வரை இந்தச் சரக்கு ஓடும். அதன்பிறகு ஆயக்குடிக் கொய்யாவில் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். விதையை வடிகட்ட மெல்லிய சல்லடை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.