உப்பிட்ட கைகளுக்கு உயர்வு எப்போது?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. சோறிட்டவரை உயிருள்ளவரை மறவாதே என்பது அதன் பொருள். தூத்துக்குடியில் பிறந்து வளரும் நமக்கோ அந்தப் பழமொழி இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. நாட்டின் அடுப்படிகளுக்கெல்லாம் உப்பை விளைவித்து அனுப்புகிறவர்கள் நம் ஊர் மக்கள் அல்லவா? அவர்களை நாம் நினைக்கிறோமா?

இன்று நம் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசப் பல செய்திகள் உண்டு. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஜூலை 26இல் வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4இல் சிப்காட் வளாகத்தில் வியட்நாம் நாட்டின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்வது அதன் திட்டம். கேட்கக் கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. நாமும் மகிழ்கிறோம். ஆனால் ஓர் ஊர் வளர்ந்தது என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஆலைகளின் எண்ணிக்கையைக் கொண்டா? அந்த ஆலைகளின் வாயிலுக்குள் நம் ஊர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்தக் கருத்து நம் ஊருக்குப் புதியதன்று. 1906ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்கள். வெள்ளையருக்கு எதிராக நம்மவர் கப்பல் ஓட்டிய வீரத்தைப் பாடநூலில் படிக்கிறோம். அதே வ.உ.சி. 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஒரு கையால் தொழிலை வளர்த்தவர், மறு கையால் தொழிலாளியைத் தாங்கினார். இவற்றுள் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பது வளர்ச்சியாகாது என்பதை அந்தப் பெருமகனார் அன்றே நமக்குக் காட்டிவிட்டார். நம் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைத் தாங்கினால் போதுமா? கொள்கையையும் தாங்க வேண்டாமா?

நம் தாத்தா பாட்டியர் காலத்தில் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதையொட்டி உரத் தொழிற்சாலை வந்தது. 1979இல் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் என்பது நுழைந்தது அப்போதுதான். ஆனால் காலம் மாறிவிட்டது. முன்பு பலர் கூடி முதுகில் சுமந்து ஏற்றிய சரக்கை இன்று பெட்டகங்களில் அடைத்துப் பளுதூக்கிகள் ஏற்றுகின்றன. வேலை இருக்கிறது, ஆனால் கைவலிமைக்கு அன்று, கைத்திறனுக்கே இருக்கிறது. அந்தத் திறனை இங்கே கற்பிக்காவிட்டால், வேலை நம் ஊரில் இருக்கும். வேலை செய்பவர் வெளியூரிலிருந்து வருவார்.

இனி உப்பளத்தைப் பார்ப்போம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு. தமிழகத்தில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு. பொழுது புலருமுன்பே எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, அளத்துக்குப் புறப்படும் தாய்மார்களை நாம் அறிவோம். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கூட்ட வேண்டும். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வந்து அம்பாரமாகக் குவிக்க வேண்டும். வெயில் ஏற ஏற, வெள்ளை உப்பில் பட்ட ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது. உப்புநீரில் நின்று நின்று கால்கள் வெடிக்கின்றன. அவர்களுடைய வாழ்க்கையை எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலாகவே எழுதினார். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் வேலையும் நின்றுவிடும். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்ததை நாம் கண்டோம். மழைக்கால நிவாரணமாக அரசு ரூ.5,000 வழங்கியிருக்கிறது. நன்றியோடு ஏற்கிறோம். ஆயினும் நிவாரணம் வேறு, வேலை வேறு.

ஆகவே பெரியோர்கள் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, உப்பு மூட்டையாக வெளியே போவதைக் குறைத்து, இங்கேயே மதிப்பு கூட்ட வேண்டும். அயோடின் சேர்ப்பது, சுத்திகரிப்பது, சிறு பொட்டலமாக்குவது ஆகியவை நிழலில் நடக்கும் வேலைகள். மழைக்காலத்திலும் நடக்கக்கூடிய வேலைகள். உப்பு எடுத்தபின் எஞ்சும் நஞ்சோடைத் தண்ணீரில்கூட மக்னீசிய உப்புகள் இருப்பதை வேதியியல் கூறுகிறது. 1974இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகம் 2022இல் 'நெய்தல்' என்ற பெயரில் உப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த வழியில் உப்பளப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் நடக்கக் கூடாது? நம் மாவட்டத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேர்க்கடலையும் வெல்லமும் ஓர் ஊருக்குப் பேர் வாங்கித் தருமானால், உப்பு தராதா?

இரண்டாவது, புதிய ஆலைகளின் வேலைக்கு உப்பளத் தொழிலாளியின் மகளையும் மீனவர் மகளையும் ஆயத்தப்படுத்த வேண்டும். கோரம்பள்ளத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருப்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தாம் வகுப்பு முடித்தால் அங்கே தொழில் கற்கலாம் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்பவர் சிலரே. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியருக்கும் புதுமைப்பெண் திட்டத்தை விரிவுபடுத்திய விழா 2024 டிசம்பர் 30இல் நம் தூத்துக்குடியில்தான் நடந்தது. உதவி வாசல்வரை வந்திருக்கிறது. கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

"பெண்பிள்ளை போய் ஸ்பானர் பிடிப்பதா?" என்று சில பெற்றோர் கேட்கலாம். அன்புள்ள அப்பா, அம்மா! உப்புக் கூடையைவிட ஸ்பானர் கனமானதா? கொதிக்கும் வெயிலில் நம் பெண்கள் சுமை தூக்குவதைத் தடுக்காத ஊர், ஆலைக் கூரையின் கீழ் அவர்கள் எந்திரம் இயக்குவதை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? இரவு வேலையும் பயணமும் குறித்து உங்களுக்குள்ள கவலை நியாயமானது. அதற்கு மருந்து மகளை வீட்டில் நிறுத்துவதன்று. பாதுகாப்பான பேருந்தையும் விடுதியையும் ஆலையிடம் கேட்டுப் பெறுவதே. சமவேலைக்குச் சமஊதியம் என்பது 1976இலேயே சட்டமாயிற்று. அதையும் கேட்டுப் பெறுவோம்.

"ஆலை எதுவானாலும் வரட்டும், வேலை கிடைத்தால் சரி" என்போரும் உளர். அதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. காற்றும் நீரும் கெடுகின்றன என்று தாமிர உருக்காலையை எதிர்த்து மக்கள் திரண்டபோது, 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்தோம். ஆலை மூடப்பட்டது, அதை நம்பியிருந்தோரின் பிழைப்பும் போயிற்று. இரண்டு பக்கத்துக் கண்ணீரையும் கண்ட ஊர் இது. உடல்நலத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் தொழில், வேலையையும் நிலைக்க விடாது என்பதே நாம் கற்ற பாடம்.

1891ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளிக்கு நேர்மையான கூலி அவனது உரிமை என்று திருச்சபைக்கு எழுதினார். நம் ஆண்டவரும் நாசரேத்தூரில் தச்சுவேலை செய்தவரே. தம் சீடரை அவர் பொன்னுக்கும் முத்துக்கும் ஒப்பிடவில்லை; உப்புக்கே ஒப்பிட்டார். முத்துக்குப் பேர்போன நம் ஊரில் உப்புக்கும் மதிப்புண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்புத் தோழியரே! இன்னும் சில மாதங்களில் அரசுத் தேர்வு எழுதிவிட்டு நாம் பிரிவோம். சிலர் மருத்துவம், சிலர் ஆசிரியப் பணி என்று கனவு காண்கிறோம். காண்போம். ஆனால் நம்மில் சிலராவது எந்திரம் கற்கவும், வேதியியல் கற்று உப்பை ஆராயவும், சிறுதொழில் தொடங்கிப் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கவும் துணிவோமாக. படித்ததும் ஊரைவிட்டுப் போவது ஒன்றே வழி என்ற எண்ணம் நம் தலைமுறையோடு முடியட்டும். உப்பிட்ட கைகள் நம்மை வளர்த்தன. அந்தக் கைகளிலிருந்து கூடையை இறக்கி வைப்பது நம் கடமை.