மண் தெருவும் தெருதான்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வருகிறவர்கள் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஊரைத் தாண்டியிருக்கும் காலனித் தெரு அதில் எப்படி இருக்கிறது? (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். வாயிலிருந்து நீங்க நாளாகும்.)

2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை யாரும் திருத்தலாம். அதில் சாலையின் வகையை அதன் பயன்தான் தீர்மானிக்கிறது. வீடுகள் இருந்தால் குடியிருப்புத் தெரு. வயலுக்கோ காட்டுக்கோ மட்டும் போனால் வண்டிப்பாதை. தாரா மண்ணா என்பது தனிக் குறிப்பு. ஆனால் எங்கோ உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைகிறவருக்கு மண் மட்டும் தெரிந்தால், நம் தெரு வண்டிப்பாதையாகிவிடும். வழிகாட்டும் செயலிகள் பல அதைத் தவிர்க்கும். செயலியை நம்பி வரும் ஆட்டோ ஊர்த்தெருவோடு நின்றுவிடும்.

சுடுகாட்டுப் பாதை இதைவிடக் கனமானது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வழி மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வரைபடத்தில் கோடு போட்டால் வழி திறந்துவிடாது. அதற்குப் புலப்படமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்தான் வேண்டும். ஆனாலும் நாம் நடக்கும் வழி எது, வேலி எங்கே குறுக்கே நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி பதியலாம்.

மாணவர்கள் இதைச் செய்ய முடியும். தெருவில் நடந்து பார்த்துக் குறியுங்கள். பலகையில் அம்பேத்கர் தெரு என்றிருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். கூகுள் வரைபடத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அதற்கு அனுமதியில்லை, அழித்துவிடுவார்கள்.