எழுத்துக்கு முன் கோடு

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவன்று. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் வரும் தடுமாற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா உள்ள ஓவியச் சிறுவனைக் காட்டிய 'தாரே ஜமீன் பர்' (2007) படத்துக்குப் பின், இத்தகைய பிள்ளைகள் எல்லோருமே பிறவி ஓவியர்கள் என்ற எண்ணம் பரவியது. அது உண்மையன்று. சிலருக்குப் பென்சில் பிடிப்பதே பாடு. ஓவியத்தையும் கற்றுத்தான் தர வேண்டும்.

கரும்பலகையில் குறிப்பெழுதிப் போட்டால் போதாது. ஆசிரியர் படிப்படியாக வரைந்து காட்ட வேண்டும். காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தில் நிற்கும் படகையே எடுத்துக்கொள்ளலாம்: முதலில் வெளிக்கோடு, அடுத்துப் படகுக்கும் நீருக்கும் இடைப்பட்ட வெற்றிடம், பிறகே நிழல். கடற்கரை மணலில் விரலால் பெரிதாக வரைந்து பழகிய கை தாளில் தயங்காது. இடவலம் மயங்குவோருக்குப் புள்ளிக்கோலம் நல்ல பயிற்சி. வாசலில் கற்பதைப் பள்ளி ஏனோ பாடமாக மதிப்பதில்லை. காரைக்கால் அம்மையாரின் மாங்கனிக் கதையை எழுதத் திணறும் மாணவர், நான்கு கட்டப் படங்களில் சொல்லிவிடக்கூடும். ஓவியத்தால் டிஸ்லெக்சியா தீராது; வாசிப்புப் பயிற்சி தனியே தொடர வேண்டும்.

சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பில் ஓவியம் விருப்பப் பாடமாக உண்டு. அந்தப் பாடத்திட்டத்துக்கு மாறிய புதுச்சேரி அரசு, காரைக்கால் பள்ளிகளின் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்க விடக் கூடாது.