அரிசியா, பணமா? புதுவையில் ஜெயித்தது கவர்னர் பேச்சு!

வேங்கிக்கால்: வேங்கிக்கால் பக்கத்தில் இருந்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும் ஜனங்கள் ஏராளம். செஞ்சி, திண்டிவனம் தாண்டினா புதுவை. பேச்சும் ஒண்ணு, சாப்பாடும் ஒண்ணு. ஆனால் ரேஷன் அரிசி விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறு கதை.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி கார்டுக்கு இலவச அரிசி. கோட்டையில் முடிவு எடுத்தார்கள், கடைக்கு மூட்டை வந்தது. கவர்னர் குறுக்கே வர வழியில்லை. புதுவையில் என்ன நடந்தது? முதல்-அமைச்சர் நாராயணசாமி 'அரிசி போடணும்' என்றார். கவர்னர் கிரண்பேடி 'பணமாக பேங்கில் போடுங்க' என்றார். மத்திய அரசு கவர்னர் பக்கம் நின்றது. நாராயணசாமி ஐகோர்ட்டுக்குப் போனார். 2020ல் மனு தள்ளுபடி!

இடையில் யார் கையும் படாமல் பணம் நேரா போய்ச் சேரும் என்பது கவர்னர் தரப்பு வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைக்காரர் அரிசி விலையை ஏற்றினால், பேங்கில் விழும் பணமும் கூடவே ஏறுமா? அது இருக்கட்டும். இதை முடிவு செய்ய வேண்டியது ஓட்டு வாங்கியவரா, டெல்லி அனுப்பியவரா என்பதுதான் சண்டையே.

பிடி எங்கே இருக்கிறது?

எல்லாம் 1963ம் வருஷத்து யூனியன் பிரதேச சட்டத்தில் இருக்கிறது. மந்திரிசபைக்கும் கவர்னருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் விவகாரம் ஜனாதிபதிக்குப் போகும். அவசரம் என்று கவர்னர் நினைத்தால், பதில் வரும்வரை அவர் வைத்ததுதான் சட்டம். தமிழ்நாட்டு கவர்னருக்கு இந்த பவர் கிடையாது. இங்கே நடந்த சண்டை எல்லாம் மசோதாவில் கையெழுத்து போடாதது பற்றித்தான்.

2019 பிப்ரவரியில் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு கவர்னர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார். ராத்திரி தூக்கமும் ரோட்டிலேயே! தினசரி நிர்வாகத்தில் கவர்னர் தலையிடக்கூடாது என்று அந்த ஏப்ரலில் ஐகோர்ட்டு தீர்ப்பு சொன்னது. காங்கிரசார் கொண்டாடினார்கள். 2020 மார்ச்சில் 2 நீதிபதிகள் பெஞ்ச் அதை ரத்து செய்துவிட்டது.

ஓட்டு வாங்காத 3 பேர்

புதுவை சட்டசபையில் ஜனங்கள் தேர்ந்தெடுப்பது 30 எம்.எல்.ஏ.க்களை. அதுபோக 3 பேரை மத்திய அரசே நியமிக்கலாம். 2016 தேர்தலில் பா.ஜனதாவுக்கு ஒரு சீட் கூட இல்லை. ஆனால் 2017ல் அந்தக் கட்சிக்காரர்கள் 3 பேர் நியமனம்! மாநில அரசைக் கேட்கவே இல்லை. 'செல்லும்' என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

2021 பிப்ரவரி 16ந்தேதி கிரண்பேடி நீக்கப்பட்டார். ஆறே நாளில் நாராயணசாமியின் ஆட்சியும் போனது. அன்றைய கணக்கு: ஆளுங்கட்சி பக்கம் 12, எதிர்ப்பக்கம் 14. அந்த 14ல் 3 பேர் இந்த நியமன ஆட்கள். அவர்களைக் கழித்துப் பாருங்கள், 11தான்!

அடுத்து வந்த ரங்கசாமி, பா.ஜனதா கூட்டணியில்தான் ஜெயித்தார். டெல்லியோடு மோதல் இல்லை. ஆனாலும் மாநில அந்தஸ்து கேட்டு 2023ல் சட்டசபையில் தீர்மானம் போட்டார். ரேஷன் கடைகளோ பூட்டியேதான் கிடந்தன. ஊழியர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். 2024 அக்டோபரில், தீபாவளி அரிசியும் சர்க்கரையும் போடத்தான் கடைகள் மறுபடி திறந்தன.