இளவரசன் விழாவிட்டால் விளையாட்டு எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் ஓடுவது பெரும்பாலும் வேர்ட் அல்ல, கேம்தான். சென்னையானாலும் சரி, திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரமானாலும் சரி, இதில் வேறுபாடு இல்லை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து தருபவர்களே ஹார்ட் டிஸ்க்கில் நாலைந்து கேம்களையும் போட்டுத் தருவார்கள். அப்படிப் பலருக்கு அறிமுகமானதுதான் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. தொடர் வரிசையாக வந்த இந்த கேம், வர வர எளிதாகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அது உண்மையா, உண்மையென்றால் நல்லதா என்று பார்ப்போம்.

முதல் கேமை ஜோர்டான் மெக்னர் என்பவர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதினார். 1989ல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. 1990ல் டாஸ் பதிப்பு வந்தது. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார் மெக்னர். சிறையில் தொடங்கி 12 நிலைகளைக் கடந்து இளவரசியை மீட்க வேண்டும். அதற்குத் தரப்படுவது 60 நிமிடம் மட்டுமே. முள்ளில் விழுந்தாலோ, வாள் சண்டையில் தோற்றாலோ அந்த நிலையின் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும். ஆனால் கடிகாரம் திரும்பாது. உயிர் மீண்டும் கிடைக்கும். போன நிமிடம் கிடைக்காது. உண்மையான தண்டனை சாவு அல்ல, நேரம்தான்.

2003ல் யூபிசாப்ட் வெளியிட்ட சாண்ட்ஸ் ஆஃப் டைம் இதை மாற்றியது. இளவரசன் கையில் ஒரு மாயக் கத்தி. தவறி விழுந்தால் ஒரு பட்டனை அழுத்திச் சில நொடிகள் பின்னால் போய், விழுவதற்கு முன் இருந்த இடத்தில் நிற்கலாம். ஆனால் கத்தியில் மணல் இருக்கும் வரைதான் இது நடக்கும். எனவே ஒவ்வொரு முறையும் யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

2004ல் வந்த வாரியர் விதின் சண்டைகளில் கடினமாகவே இருந்தது. அதனால் இந்த வரிசை நேராகச் சரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 2008ல் வந்த கேமில் இளவரசன் சாகவே மாட்டான். பள்ளத்தில் விழுந்தால் உடன் வரும் எலிகா என்ற பெண் கையைப் பிடித்துத் தூக்கிப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிடுவாள். எத்தனை முறை விழுந்தாலும் தூக்குவாள்.

இதற்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் முடிவைப் பார்க்காமலே கேமை மூட வேண்டுமா? வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுபவர் ஒரே இடத்தில் இருபது முறை சாக வேண்டுமா? மேலும், எதிரியுடன் மோதும்போது எலிகா காப்பாற்றினால் எதிரிக்கும் பலம் திரும்பிவிடும். ஆகவே தவறுக்கு விலையே இல்லை என்று கூற முடியாது.

ஆனாலும் 2003ல் இருந்த அளவே சரி என்பது என் கருத்து. கம்ப்யூட்டருக்குப் புதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்தக் கீயை அழுத்தினால் என்ன ஆகுமோ என்று பயப்படுபவருக்குக் கன்ட்ரோல் இசட் பெரிய தைரியம் தருகிறது. அந்தத் தைரியத்தில்தான் அவர் கற்றுக்கொள்கிறார். ஆனால் பைலை சேவ் செய்யும் பழக்கம், அதை ஒருமுறையாவது இழந்த பிறகுதான் பலருக்கு வருகிறது. சைக்கிள் பழகும் பிள்ளையின் கேரியரைப் பிடித்துக் கொண்டு ஓடும் அப்பா, ஒரு கட்டத்தில் கையை விட வேண்டும். எலிகா கையை விடுவதே இல்லை.

எளிதாக்குவது தவறு என்பதல்ல. பழைய டாஸ் பதிப்பிலேயே பிரின்ஸ் என்ற கட்டளையுடன் மெகாஹிட் என்ற சொல்லையும் சேர்த்து டைப் செய்தால் நேரத்தைக் கூட்டலாம், அடுத்த நிலைக்குத் தாவலாம். ஆனால் அது ஆடுபவர் தானே எடுக்கும் முடிவு. 2024ல் வந்த தி லாஸ்ட் கிரவுன் இந்த வழிக்கே திரும்பியிருக்கிறது. எவ்வளவு கடினம் வேண்டும், வரைபடத்தில் வழி காட்ட வேண்டுமா என்பதையெல்லாம் நாமே செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கலாம். பார்வைக் குறைவோ கை நடுக்கமோ உள்ளவர்களும் ஆட இது உதவும். கடினத்தை விரும்புபவருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். 1990ல் வந்த டாஸ் கேமை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பிரவுசரிலேயே ஆடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 60 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் நாள் அவர்கள் இரண்டாம் நிலையைக்கூடத் தாண்டாமல் போகலாம். அருகில் உட்கார்ந்திருங்கள், மெகாஹிட்டை மட்டும் உடனே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.