பேனாவுக்கு முன் பழைய புத்தகம்

கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் நான்கு தமிழர் கூடினால், "நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை எழுத வேண்டும்" என்ற பேச்சு எழாமல் போவதில்லை. நல்ல எண்ணந்தான். ஆனால் எழுதத் துணிபவர் என்ன செய்கிறார்? புராணக் கதையொன்றைச் சுருக்கி, வாலில் ஒரு புத்திமதியை ஒட்டி விடுகிறார். பத்து வயதுப் பையன் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி விடுகிறான். பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ படித்துவிட்டு, வீட்டில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவன் அவன். பட்ட சிரமத்துக்குக் கூலி கிடைக்க வேண்டாமா?

மராத்திப் பிள்ளைகளுக்கு அந்தக் கூலியைத் தாராளமாகக் கொடுத்தவர் பா. ரா. பாகவத் (1910–2001). புனேயை ஒட்டிய புர்சுங்கி கிராமத்துப் பையனான 'ஃபாஸ்டர் ஃபேணே' அவருடைய படைப்பு. சைக்கிளில் பறந்து துப்புத் துலக்கும் அந்தப் பையன் 2017-இல் சினிமாவுக்கும் வந்து விட்டான்.

இதே பாகவத்தான் ஜூல்ஸ் வெர்னின் நாவல்களையும் மராத்தியில் தந்தவர். மொழிபெயர்ப்பவர் ஒரு நூலை எத்தனை முறை படிக்க வேண்டியிருக்கும்! ஆபத்து எந்த இடத்தில் நுழைகிறது, அத்தியாயம் எங்கே அறுந்து நிற்கிறது என்பதெல்லாம் கை வழியாகவே போய்ச் சேரும். அப்படிப் படித்தவர் பாரிஸ் பையனைப் படைக்கவில்லை, புர்சுங்கிப் பையனைப் படைத்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

எழுத விரும்பும் அன்பர்களும் பழைய நூல்களைத் திரும்பப் படிக்கட்டும். ஆனால் தனியாக அல்ல, ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க வேண்டும். "அப்புறம்?" என்று கேட்ட இடத்தில் ஒரு கோடு, கொட்டாவி விட்ட இடத்தில் ஒரு கோடு. நாம் சிறு வயதில் ரசித்த பக்கத்துக்கே கொட்டாவி வந்தால் கோபித்துக் கொள்ளக் கூடாது.

ஆபீஸ் வேலையில் நேரம் ஏது என்பார்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கி ஊழியர். வேலையில் இருந்துகொண்டே எழுதினார்; 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் கண்டார்.

தொடங்குவதற்கு வெர்னின் '80 நாட்களில் உலகைச் சுற்றி' போதும். 1873-இல் புத்தகமாக வந்த அந்தக் கதையில் ஃபாக் துரை பம்பாயில் ரயிலேறிக் கல்கத்தா போகிறார். கல்யாண் வந்ததும், கண்டாலா, புனே வழியாகத் தென்கிழக்கே பிரியும் பாதையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வெர்ன் துரையை வடக்கே அழைத்துப் போய் விடுகிறார். துரை போகாத அந்தப் பாதையில்தான், சோலாப்பூர், தௌண்ட் வழியாக, தகர டிரங்குப் பெட்டியோடு தமிழர்கள் புனேக்கு வந்து இறங்கினார்கள். அந்தக் கதையை வெர்ன் எழுதவில்லை. தமிழிலும் பிள்ளைகளுக்காக யாராவது எழுத வேண்டாமா?

கோடை லீவில் ஊருக்குப் போகிற வண்டி சோலாப்பூரில் நிற்கிறது. தண்ணீர் பிடிக்க இறங்கிய பையன் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்து விட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று வீட்டில் இருக்கிற பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம்.