யோஸெமிட்டியில் கூடாரமடிப்போர்

வேனிற்காலம் பிறந்துவிட்டால் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலைகளை நோக்கிப் புறப்படுகின்றன. கலிபோர்னியாவிற் குடியேறிய நம்மவரும் இக்கூட்டத்திற் கலந்திருக்கின்றனர். அவர்கள் விரும்பி நாடும் இடங்களில் ஒன்று, ஸியர்ரா நெவாடா மலைத்தொடரிலுள்ள யோஸெமிட்டி தேசீய வனமாகும். ஏழு மைல் நீளமுள்ள பள்ளத்தாக்கு; மூவாயிரம் அடி செங்குத்தாக எழுந்து நிற்கும் எல் காப்பிடன் என்னும் பாறை; 2,425 அடி உயரத்தினின்று வீழும் அருவி. அங்கே தனவந்தரும் குமாஸ்தாவும் அடுத்தடுத்த கூடாரங்களிற் படுத்துறங்கி, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றனர். இப்பள்ளத்தாக்கு பிரபுக்களின் வேட்டைக்காடாகவோ ஒரு கம்பெனியின் ஏகபோகமாகவோ ஆகிவிடாமல், 1864-ஆம் ஆண்டில் ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தினாற் பொதுஜன உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டது சிறிய காரியமன்று. 1890-இல் சுற்றுப்புற மலைகளும் தேசீய வனமாயின. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், அந்தப் "பொதுஜனம்" யாவர்?

அங்கே கூடாரமடிக்கும் குடும்பத்தினர் முதலிற் செய்ய வேண்டிய காரியம், ரொட்டி முதல் பற்பசை வரை வாசனையுள்ள பொருள் யாவற்றையும் இரும்புப் பெட்டியிலிட்டு மூடுவதேயாம். தவறினால் அபராதம் உண்டு. விதி நியாயமானதே, மனிதர் உணவிற் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் வந்து, கடைசியில் கொல்லப்பட நேரிடுகிறது. எனினும், சேமித்த உணவைக் குறித்து வேறொரு கதையும் அங்கே உண்டு. 1851-ஆம் ஆண்டில் மாரிப்போஸா பட்டாளம் என்னும் படை அப்பள்ளத்தாக்கிற் புகுந்தது. அங்கு வாழ்ந்த அவாநீச்சி மக்கள் குளிர்காலத்திற்கென்று சேர்த்து வைத்திருந்த ஓக் மரத்துக் கொட்டைகளை அது தீயிட்டுக் கொளுத்திற்று. அம்மக்களுக்கு அதுவே அன்னம். துப்பாக்கியினும் பசி நன்றாக வேலை செய்யும் என்பதை அப்பட்டாளத்தார் அறிந்திருந்தனர் போலும்!

விரட்டப்பட்டவர்களுட் சிலர் திரும்பி வந்தனர். தம் சொந்த மண்ணில் விடுதிகளுக்கு ஊழியராயும் கூடை முடைந்து விற்போராயும் பிழைத்தனர். 1930-களில் அதிகாரிகள் அவர்களது பழைய குடியிருப்பை அகற்றி, சிறு வீடுகளைக் கட்டி அவற்றில் அமர்த்தினர். 1953-இல் பிறந்த விதியோ, வனத்தில் நிரந்தர உத்தியோகமுள்ளவரும் அவர் குடும்பத்தினருமே அவ்வீடுகளில் வசிக்கலாம் என்றது. உத்தியோகம் போனால் வீடும் போயிற்று. காலியான வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சிய வீடுகள் 1969-இல் அழிக்கப்பட்டன. மனிதன் சந்திரனிற் கால் வைத்த ஆண்டு அது. ஆகையால் அறியாத காலம் என்று சமாதானம் கூறவும் இடமில்லை. பாறை ஏறும் இளைஞர் கூடாரமடிக்கும் புகழ்பெற்ற நான்காம் முகாம் அவ்விடத்திற்கு அண்மையிலேயே இருக்கிறது.

இதற்காகக் கூடாரமடிக்கும் குடும்பங்களைக் குறை கூறுவோமல்லோம். ஆண்டு முழுதும் உழைத்து, நான்கு நாள் விடுமுறை பெற்று, பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டச் செல்லும் தகப்பன் மீது என்ன குற்றம்? மனிதர் வாசமே இல்லாத வனம் என்று அவனுக்குப் படம் காட்டியவர்களே பொறுப்பாளிகள். அப்படம் பொய்யென்று அவ்வனமே சாட்சி கூறுகிறது. புல்வெளிகள் மரமடர்ந்து போகாதபடி அவாநீச்சி மக்கள் அளவறிந்து தீயிட்டு வந்தனர். அவ்வழக்கம் தடுக்கப்பட்டபின் ஊசியிலை மரங்கள் வெளிகளை மூடத் தலைப்பட்டன. 1970 முதல் அதிகாரிகளே தீயிட்டு வனத்தைப் பேணுகின்றனர்.

2018-ஆம் ஆண்டில், இடிக்கப்பட்ட கிராமம் இருந்த இடத்தில் வஹோகா என்னும் கிராமத்தை அம்மக்கள் எழுப்பிக்கொண்டு, தங்கள் சடங்குகளை நடத்தலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று. நல்லதே. ஆனால் இடித்தவர்களின் சம்மதத்தோடு மட்டும் வீடு எழும்பிவிடாது. இடித்த சர்க்காரே செலவையும் ஏற்பதுதான் முறை. அன்றியும், வனத்தைக் காப்போம் என்று அதிகாரிகள் முன்னிலையிற் பிரதிக்ஞை செய்து சின்னம் பெறும் சிறுவர் சிறுமியரை, அச்சின்னம் அணிவிக்கு முன் அக்கிராமத்திற்கு அழைத்துச் சென்று, 1851-இலும் 1969-இலும் நடந்தவற்றை அம்மக்களின் வாயாலேயே கேட்கும்படி செய்ய வேண்டும்.